ஆசிலேஷன்: அதிர்வு அல்ல, அலைவு

வளிமண்டலம் பற்றித் தமிழில் எழுதும்போது ஆசிலேஷன் (oscillation) என்ற ஆங்கிலச் சொல்லை அதிர்வு என்று போட்டுவிட்டால் எனக்கு உறுத்தும். தட்டிய மணி அதிரும், மீட்டிய தந்தி அதிரும். நிலநடுக்கோட்டுக்கு மேலே, மழையும் மேகமும் உள்ள அடுக்கைத் தாண்டிய அடுக்கு மண்டலத்தில் நடப்பது அதுவா? அங்கே காற்று ஓராண்டு போலக் கிழக்கிலிருந்து வீசும், அப்புறம் திசை மாறி மேற்கிலிருந்து வீசும், மறுபடி கிழக்கு. ஒரு சுற்று முடியச் சராசரியாக 28 மாதம் ஆகிறது.

ஆசிலேஷனின் மூலம் லத்தீன். திராட்சைத் தோட்டத்து மரங்களில் தொங்கவிட்ட சிறு முகமூடிக்கு 'ஆசில்லும்' என்று பெயர், அது காற்றில் இப்படியும் அப்படியும் ஆடியதால் ஆடுவதற்கே அந்தப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். காற்றாடிய பொருளின் பெயர் கடைசியில் காற்றின் ஆட்டத்துக்கே வந்து சேர்ந்திருப்பது அழகு.

தமிழில் ஊசல் என்று சொல்லலாம்தான், ஆனால் ஊசல் என்றதும் எதிலோ கட்டித் தொங்குவது கண்முன் வருகிறது, ஊசலாட்டம் என்றால் மனம் தடுமாறுவது. அலைவு இரண்டும் இல்லாமல் போய்வந்து போய்வந்து இருப்பதை மட்டும் சொல்கிறது. இயற்பியல் பாடத்தில் அலைவுக் காலம் என்று படித்தவர்களுக்குப் புதிதும் அல்ல.

சரி, முதலில் சொன்ன அந்தக் காற்று மாற்றத்தின் ஆங்கிலப் பெயரான 'குவாசி பையெனியல் ஆசிலேஷன்' என்பதை என்ன செய்வது? இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பழைய குழப்பம் இருக்கிறது. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அதன் தூசு மேற்கு நோக்கிப் போய் உலகைச் சுற்றியது, ஆக மேலே எப்போதும் கீழைக்காற்றுதான் (கிழக்கிலிருந்து வீசுவது) என்று நம்பினார்கள். 1908-இல் வானிலை ஆய்வாளர் பெர்சன் கிழக்கு ஆப்பிரிக்காவில் பலூன்களை ஏற்றிப் பார்த்தால் மேலைக்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசுவது! இரண்டுமே உண்மை, மாறி மாறி வருகின்றன என்பதை 1960-ஐ ஒட்டித்தான் ரீட், எப்டன் என்ற வானிலை ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கீழிருந்து எழும் அலைகள் சுமந்து வரும் உந்தம் மேலே காற்றைத் தள்ளுவதால் இது நடக்கிறது, இந்தத் திசை மாற்றம் மேலே தொடங்கி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வீதம் கீழே இறங்கும். மேலைக்காற்று இறங்கும்போது நிலநடுக்கோட்டின் மேல் வெப்பநிலை சில டிகிரி கூடும், கீழைக்காற்று இறங்கும்போது குறையும், அதனால் வெப்பநிலைக்கும் இதே அலைவு உண்டு.

பையெனியல் என்றால் ஈராண்டு. குவாசி என்பதைப் போலி என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும், இந்த அலைவில் போலி எதுவும் இல்லை. கணக்காக 24 மாதம் கிடையாது, சுற்றுக்குச் சுற்று நீளம் மாறும், அவ்வளவுதான். ஈராண்டையொட்டிய அலைவு என்பேன்.

இன்னும் மேலே, 50 கிலோமீட்டரிலும் 80 கிலோமீட்டரிலும் இருக்கும் காற்றின் அலைவு பருவங்களோடு பிணைந்தது, ஆண்டுக்கு இருமுறை வருவது. அதற்கு அரையாண்டு அலைவு போதும், 'ஒட்டிய' வேண்டாம். ஈராண்டையொட்டிய அலைவோ 2016-இல் மேலைக்காற்றின் நடுவிலேயே கீழைக்காற்று கிளம்பி முறை தவறியது, 1953-இலிருந்து உள்ள பதிவுகளில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.