ஏழு கறியும் கார்டிசாலும்

டிசம்பரில் ஃபிளாம்பாயான் மரம் பூத்துச் சிவந்தால் மொரீஷியஸில் வீட்டு வேலையும் கூடிவிட்டது என்று அர்த்தம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஜனவரி 2 விடுமுறை, தைப்பொங்கல், அதன் பின் தைப்பூசக் காவடி என்று ஏறக்குறைய இரண்டு மாதம் ஓய்வில்லை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காவடிக்காகப் பத்து நாள் விரதம் இருந்து, கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தவர்கள் பலர் லேசான மனத்தோடு வீடு திரும்புகிறார்கள். வாழை இலையில் ஏழு கறி விருந்துண்டு, உட்கார்ந்து பேசி, ஜனவரி 2 மாலை கதவைச் சாத்துகிறவர்களோ துவண்டுபோய்க் கிடக்கிறார்கள். எந்த வேலை கடினம் என்பதை மட்டும் வைத்து உடம்பு கணக்குப் போடுவதில்லை.

ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் முதலில் அட்ரினலின் பாயும். அது சில நொடி வேலை. அதன் பின்னால் மெதுவான ஒரு சங்கிலி நகரும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இரத்தத்தில் இறங்கும். அது உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். பாதியாகக் குறைய மேலும் ஒரு மணி நேரமாவது வேண்டும். காலை பத்து மணிக்குக் கேட்ட ஒரு சொல் பந்தி பரிமாறும் வரை உடம்பில் நிற்பது இதனால்தான். கார்டிசால் கெட்டதல்ல, அது இல்லாமல் காலையில் எழுந்திருக்கவே முடியாது. ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறினால்தான் தூக்கம், செரிமானம், பொறுமை எல்லாம் கெடும்.

எது அதை அதிகம் ஏற்றுகிறது? சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற இரு உளவியலாளர்கள் 208 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். செய்வது நம் கையில் இல்லை, அதையும் பிறர் எடைபோடுகிறார்கள் என்ற இரண்டும் சேரும்போது கார்டிசால் மிக அதிகமாக ஏறுகிறது. இறங்கவும் அதிக நேரம் பிடிக்கிறது.

இந்த இரண்டும் அப்படியே கூடுகிற இடம் விருந்து நாளின் அடுப்பங்கரை. மருமகள் பலாக்காய்க் கறியைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். அத்தை பின்னால் வந்து நின்று, கரண்டியை வாங்கி ருசி பார்த்து, “போன வருஷம் உங்க அண்ணி வச்சது இன்னும் கெட்டியா இருந்துச்சும்மா” என்கிறார். வருகிறவர்கள் பன்னிரண்டு பேரா இருபது பேரா என்பது இன்னும் தெரியாது. அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மருமகளின் நாடித்துடிப்பை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

ஆகவே மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் வேலைப் பங்கீட்டைச் சரிசெய்ய வேண்டும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்காதீர்கள். கறி கறியாகப் பிரியுங்கள். “வெங்காயம் நறுக்கித் தரவா?” என்று கேட்கும் உதவியில் கை வேலை குறையும், தலைச்சுமை ஒருவரிடமே தங்கும். பூசணிக் கறி என்றால் சந்தையில் வாங்குவது முதல் இலையில் பரிமாறுவது வரை ஒருவர் பொறுப்பு. அந்தப் பாத்திரத்தின் மூடியை மற்றவர்கள் திறக்கக் கூடாது. தலைக்கணக்கை மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். இருபது பேருக்கு 2 கிலோ அரிசி, 800 கிராம் பருப்பு என்று அளவு நின்றுவிட்டால் பாதிப் பதற்றம் அங்கேயே தீரும். பலாக்காயை முந்தின நாளே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, மஞ்சள் கலந்த தண்ணீரில் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். புளிக்கரைசலும் அரைத்த மசாலாவும் அப்படியே. தேங்காய்ப் பால் சேரும் கறியை மட்டும் அன்று காலையில் செய்யுங்கள். ஜனவரி வெக்கையில் அது சீக்கிரம் திரிந்துவிடும். எந்தக் கறியும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.

இரவில் படுக்கையில் ஓடும் பட்டியலுக்கும் வழி இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 57 பேரைத் தூங்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்துவிட்டதை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். “சந்தை” என்று எழுதினால் போதாது. “காலை ஏழு மணி, வாழை இலை 25, தேங்காய் 4” என்று எழுதுங்கள். விவரம் கூடக்கூட மூளை அதைக் கீழே இறக்கி வைக்கிறது. டிசம்பர் 31 இரவு ரம் குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் கலையும். மாலைத் தேநீரையும் நான்கு மணியோடு நிறுத்திக்கொள்ளலாம். வாக்குவாதம் முடிந்த கையோடு நிமிடத்துக்கு ஆறு மூச்சு, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக, ஐந்து நிமிடம் செய்தால் இதயத் துடிப்பு தணியும்.

இனி காவடி. இதை ஆராய இந்தத் தீவுக்கே வந்தவர் மானிடவியலாளர் டிமிட்ரிஸ் க்ஸிகலாடாஸ். அவர் குழுவினர் லா கோலெத் ஊரில் மராத்தி இந்துப் பெண்களிடம் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. இயற்கைச் சீற்றம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொல்லி முதலில் பதற்றம் ஊட்டினார்கள். பிறகு ஒரு பகுதியினர் கோயிலில் வழக்கமான பூஜை செய்தார்கள், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பூஜை செய்தவர்களுக்கே பதற்றம் அதிகம் தணிந்தது. இதயத் துடிப்பின் அளவீடுகளும் அதையே காட்டின. அடுத்தடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்த, திரும்பத் திரும்ப வரும் செயல்கள் மூளைக்குப் பிடிமானம் தருகின்றன என்பது அவர்கள் விளக்கம். 2013இல் வெளியான இன்னொரு ஆய்வு காவடி பற்றியே நடந்தது. சாதாரணக் கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் அதிகம் தானம் கொடுத்தார்கள். கூடவே நடந்து பார்த்தவர்களும் அப்படியே.

காவடியில் எல்லாம் முன்பே முடிவானது. கொடி ஏறும் நாள் தெரியும், இறங்கும் நாள் தெரியும். நேர்த்திக்கடன் தானே விரும்பி ஏற்றது. யாருக்காக என்பதும் தெளிவு. விருந்துக்கும் இந்த மூன்றைக் கொடுக்க முடியும். மாலை ஐந்து மணிக்கு முடிகிறது என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஏழு கறியும் கட்டாயமா என்று வீட்டோடு பேசுங்கள். மூன்றே போதும் என்றால் மூன்றே. ஒரு கறியையாவது ஒருவர் பெயரில் செய்யுங்கள். மறைந்த பாட்டிக்குப் பிடித்த வாழைக்காய்க் கறியை முதலில் அவர் படத்தின் முன் வைத்துவிட்டுப் பரிமாறினால், அதன் கெட்டித்தன்மையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேச்சு பாட்டியைப் பற்றிப் போகும்.

காவடிக்கு முந்தின இரவைப் பாருங்கள். வாசலில் பாய் விரித்து, மரச்சட்டத்தைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்கள். ஒரு சிறுமி எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறாள், மாமா வாங்கிக் கோர்க்கிறார். பழம் தீரும் வரை அவளுக்கு வேறு வேலை இல்லை, அவள் வேலையில் யாரும் தலையிடுவதும் இல்லை.