புது ப்ரூஃப் நாணயத்திலும் குறை இருக்கும்: பெட்டி வந்த அன்றே பாருங்கள்

மதுரையில் நாணயங்களை வாங்கி விற்பதும் மதிப்பிட்டுச் சொல்வதும் என் தொழில். என்னிடம் வரும் ப்ரூஃப் நாணயங்களில், அதாவது எடுத்து வைப்பதற்கென்றே தனி மெருகோடு அடித்த நாணயங்களில், பெரும்பாலானவை வாங்கிய அன்று ஒரு தடவை திறந்து பார்க்கப்பட்டு, அப்புறம் நேராகப் பீரோவுக்குப் போனவை. இரண்டு மூன்று வருஷம் கழித்து விற்க எடுத்து வரும்போதுதான் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி என்று கண்ணில் படும். அப்போது யாரிடம் போய்க் கேட்பது? விற்றவர் "உங்கள் கையில்தானே இருந்தது" என்பார். அவர் சொல்வதையும் மறுக்க முடியாது.

நம் பக்கத்தில் இந்த நாணயங்களைச் சேகரிப்பவர்கள் மட்டுமே வாங்குகிறார்கள் என்றில்லை. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் நூற்றாண்டையொட்டி 100 ரூபாய், 10 ரூபாய் நாணயங்கள் 2017-இல் வெளியாயின. அதற்கு முன்பே விருதுநகர் தந்த காமராஜருக்கும், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கும் நாணயங்கள் வந்திருக்கின்றன. இவற்றைப் பாசத்தோடு வாங்குகிறார்கள், பேரன் பேத்திக்கென்று எடுத்து வைக்கிறார்கள். "நாணயச்சாலையில் அடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது, அதில் என்ன குறை இருக்கப் போகிறது?" என்ற நம்பிக்கையும் சேர்ந்து வருகிறது. அந்த நம்பிக்கைதான் பலரைச் சோதித்துப் பார்க்க விடாமல் செய்கிறது.

ப்ரூஃப் என்பது நாணயத்தை அடிக்கும் முறை. வெறும் உலோக வில்லையையும் அச்சையும் கண்ணாடிபோல மெருகேற்றுகிறார்கள். உருவம் வரும் இடத்தில் மட்டும் அச்சின் பரப்பைச் சொரசொரப்பாக்கி வெண்மை வர வைக்கிறார்கள். சில்லறை நாணயம் ஒரே அடியில் முடிந்துவிடும். இதை நிதானமாக, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை அழுத்தி எடுப்பார்கள். தளம், அதாவது உருவம் இல்லாத வெற்றுப் பரப்பு, பளபளவென்றும் உருவம் வெண்மையாகவும் நிற்பது இதனால்தான். ஆனால் இந்தப் பளபளப்பே குறையைக் காட்டிக் கொடுத்துவிடும். சட்டைப்பையில் கிடக்கும் பத்து ரூபாயில் கண்ணுக்கே தெரியாத ஒரு நூல் தடம், இதில் மூக்குக்கு நேரே நிற்கும்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தெற்காவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் வைத்திருப்பதுபோன்ற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, ஒற்றை பல்பு ஒன்று, கீழே விரிக்க மெத்தென்ற துணி. டியூப்லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி மெல்லிய கோடுகளை மறைத்துவிடும். நாணயத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டை (கேப்ஸ்யூல்) திறக்காமல் கையில் எடுத்து, பல்புக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். முதலில் தெரிவது பெரும்பாலும் நாணயத்தின் கோடாக இருக்காது, பிளாஸ்டிக்கின் கோடாக இருக்கும். சாய்க்கும்போது கோடு உருவத்தை விட்டு நகர்ந்தால் அது கேப்ஸ்யூலில் இருக்கிறது. உருவத்தோடே ஒட்டி நின்றால் நாணயத்தில் இருக்கிறது. புள்ளியாக ஏதாவது தெரிந்தால் கேப்ஸ்யூலை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தூசி என்றால் பெரும்பாலும் இடம் மாறும்.

கோடு நாணயத்தில்தான் என்று உறுதியானபின் கேட்க வேண்டியது, அது மேடா பள்ளமா என்பது. அச்சை மெருகேற்றும்போது அச்சில் விழும் கீறல், நாணயத்தில் மேடாக வரும். அச்சில் உருவம் குழிந்திருப்பதால் மெருகேற்றும் கருவி அங்கே எட்டாது. ஆகவே அந்தக் கோடுகள் தளத்தில் ஓடி, உருவத்தின் விளிம்பு வந்ததும் நின்றுவிடும். அவை பிறவியிலேயே வந்தவை. அச்சடித்த பின் துணியோ விரலோ உரசி விழுந்தது பள்ளமாக இருக்கும், எழுத்து, கன்னம் என்று எதையும் பார்க்காமல் குறுக்கே ஓடும். ஹேர்லைன் என்று வியாபாரத்தில் சொல்வது இதைத்தான். விலையை இறக்குவதில் இதற்கு முதலிடம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதில்தான் சண்டை வரும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு தம்பி வெள்ளி ப்ரூஃப் ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணே, நான் கீறிட்டேன்னு சொல்றாங்க. நான் கேப்ஸ்யூலையே திறக்கலண்ணே." லென்ஸில் பார்த்தால், தளத்தில் சின்னதாக வளைந்த பள்ளம். நகத்தால் கீறினால் அப்படிச் சுருண்டு வளையாது. கீறலென்றால் உலோகம் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுங்கி விளிம்பு கட்டியிருக்கும். இங்கே விளிம்பு மழமழவென்று இருந்தது. அச்சைத் துடைத்த துணியின் இழை ஒன்று வில்லைக்கும் அச்சுக்கும் நடுவே மாட்டி, அடிக்கும்போதே பதிந்து போயிருக்கிறது. இந்த நூல் தடத்தை லின்ட் மார்க் என்பார்கள். இது அச்சடிக்கும்போதே வந்த குறை, வாங்கியவர் மேல் பழி போட இடமில்லை. வளைவு தெரியும்படி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விற்றவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள்.

வெள்ளி நாணயங்களில் வெள்ளைப் புள்ளி தனி வேதனை. மில்க் ஸ்பாட் என்று இதற்குப் பெயர். வில்லையைக் கழுவிய திரவம் மிச்சமாகி, சூடு பண்ணும்போது மேற்பரப்பில் படிந்து போவதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். வந்த அன்று தெரியாமல் சில மாதம் கழித்து எட்டிப் பார்ப்பதும் உண்டு. கனடா நாணயச்சாலை 2018-இல் தன் வெள்ளி மேப்பிள் லீஃப் நாணயங்களுக்கு இதைக் குறைக்கவென்றே ஒரு தொழில்நுட்பத்தை அறிவித்தது. உலகம் முழுக்க இருக்கும் தலைவலி இது. சேகரிப்பவர் கையில் இதைப் போக்க நல்ல வழி எதுவும் இல்லை. தேய்த்தால் புள்ளியைவிட மோசமான கோடுகள் மிஞ்சும்.

நம் 100 ரூபாய் வெள்ளி நினைவு நாணயங்கள் பலவற்றில் பாதிதான் வெள்ளி. 35 கிராம் எடையில் 50 சதவீதம் வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். இவ்வளவு செம்பு இருக்கும்போது நிறம் மாறுவது சீக்கிரமே தொடங்கும். அது எப்போதும் அச்சுக் குறை ஆகிவிடாது. ரப்பர் பேண்ட், கம்பளி, மட்டமான அட்டை, பெட்டிக்குள் ஒட்டிய பசை ஆகியவற்றிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். பிவிசி உறையில் போட்டு, சித்திரை வெயிலில் கொதிக்கும் மாடி அறையில் வைத்தால் பச்சையாக ஒரு பிசுபிசுப்பு படியும், உலோகத்தையும் அரிக்கும். விரல் ரேகை வந்த அன்று தெரியாது. சில மாதத்தில் ரேகை ரேகையாகப் பழுப்பு ஏறி நிற்கும்.

இங்கே நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். திருநீறு, பல்பொடி, புளி, வெள்ளி கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் அவை சரி. பட்டறையில் கொடுத்து மெருகு போட்டு வாங்கி வந்த ப்ரூஃப் நாணயங்களைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. உருவத்தின் வெண்மை மொத்தமும் போய், நாணயம் முழுக்க ஒரே வழவழப்பு. கறுத்த நாணயத்தைக்கூட விரும்பி வாங்குபவர் உண்டு, மெருகு போட்டதை எந்தச் சேகரிப்பாளரும் ப்ரூஃப் விலைக்கு எடுக்கமாட்டார்.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. நூல் தடம், அச்சுக்கோடு உள்ள நாணயத்தை "அபூர்வப் பிழை நாணயம்" என்று ஆன்லைனில் பல மடங்கு விலைக்குப் போடுகிறார்கள். இரண்டு தடவை அடித்ததில் படம் விலகிப்போனது, தவறான வில்லையில் அடித்தது போன்றவை பிழை நாணயங்கள், அவற்றுக்குத் தனிச் சந்தை உண்டு. நூல் தடத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. அது தரக்குறை, விலையைக் குறைத்துத்தான் கேட்க வேண்டும்.

தபாலில் பார்சல் வந்தால் பிரிப்பதை முகவரித் தாளிலிருந்து நாணயம் தெரியும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். அன்றே லென்ஸ் வைத்துப் பாருங்கள். குறை இருந்தால் கேப்ஸ்யூலைத் திறக்காமல், ஆர்டர் எண்ணோடும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தோடும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம், அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். புகாரில் "நாணயம் நன்றாக இல்லை" என்று எழுதாதீர்கள். எந்தப் பக்கம், எந்த எழுத்துக்கு அருகில், மேடா பள்ளமா, எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள்.