மாநிலம் மாறினால் பிக்கப்பின் எடைக் கணக்கும் மாறும்

வண்டிப் பதிவுத் தாள்களைப் பூர்த்தி செய்து கொடுப்பது என் தொழில். இந்த மாதம் வந்தவர் இதே சிக்கலோடு வந்த மூன்றாவது ஆள். கலிஃபோர்னியாவிலிருந்து இல்லினாய்ஸுக்குக் குடிவந்தவர், தோட்ட வேலை செய்கிறார். டீசல் பிக்கப், காலி எடை 7,200 பவுண்டு. பழைய பதிவுச் சீட்டில் இருந்த அதே எண்ணை நம்பி, 8,000 பவுண்டு வரைக்குமான ‘பி’ பிளேட்டு (இல்லினாய்ஸில் எடைக்கு ஏற்பக் கொடுக்கும் நம்பர் பிளேட்டு) வாங்கிவிட்டார். எடைமேடையில் ஏற்றிப் பார்த்ததும் அபராதம். “அதே வண்டிதானே சார்?” என்கிறார்.

வண்டி அதேதான், கேட்கிற எடைதான் வேறு. கலிஃபோர்னியாவில் பிக்கப்புக்கு எடைக் கட்டணம் போடுவது காலி வண்டியை வைத்து. இல்லினாய்ஸில் வண்டி, ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்த்து. அவருக்குக் கணக்குப் போட்டே காட்டினேன். ஆளுக்கு 170 பவுண்டு என்று நாலு பேர் ஏறினால் 7,880. மிச்சம் 120 பவுண்டு. 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை ஒன்று வைக்கலாம். இரண்டாவது மூட்டை வைத்தால் தாண்டிவிட்டது.

டெக்சாஸில் காலி எடையோடு ஏற்றும் திறனையும் கூட்டுவார்கள். பென்சில்வேனியாவில் மொத்த எடையை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்காத பேச்சு ஒன்று உண்டு: “கூடக் காசு கட்டிப் பெரிய பிளேட்டு வாங்கிட்டேன், இனி அவ்வளவும் ஏத்தலாம்.” ஏற்றக் கூடாது! ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், வண்டியின் மொத்த எடை எவ்வளவு வரை போகலாம் என்று எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். அது பிரேக், ஸ்பிரிங், டயர், ஆக்சில் இவற்றைப் பார்த்துத் தயாரிப்பாளர் வைத்த எல்லை. பிளேட்டு, நீங்கள் எவ்வளவுக்குக் கட்டணம் கட்டினீர்கள் என்பதற்கான சான்று. பெரிய பிளேட்டு மாட்டியதால் ஸ்பிரிங் தடிமனாகிவிடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. (ஸ்டிக்கரும் சில சமயம் ஏமாற்றும். 10,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று கேட்டு வாங்குபவர்களுக்காகவே ஃபோர்ட் தன் ‘சூப்பர் டூட்டி’ என்ற கனரகப் பிக்கப்பைக் குறைந்த எண் போட்ட ஸ்டிக்கரோடும் விற்கிறது.)

தொழிலுக்காக மாநில எல்லை தாண்டுகிறீர்களா? டிரெய்லரையும் சேர்த்து 10,001 பவுண்டோ அதற்கு மேலோ வந்தால் மத்திய அரசின் போக்குவரத்து எண் வேண்டியிருக்கும். புல் வெட்டுபவர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். டேங்க்கை நிரப்பி, வழக்கமான ஆட்களையும் சாமானையும் ஏற்றி, டிரக் நிற்கும் இடங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். அந்தச் சீட்டோடு வாருங்கள். அப்புறம் பிளேட்டைப் பற்றிப் பேசலாம். அதுவரை அந்த இரண்டாவது மூட்டையை இறக்கி வைத்துவிடுங்கள்.