வெந்நீருக்குப் பிறகுதான் எண்ணெய்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பழைய பங்களா. அதன் உரிமையாளருக்குத் துப்பாக்கி உரிமம் உண்டு. தாத்தா காலத்துத் தோல் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினார். உள்ளே துப்பாக்கிக் குழலைத் துடைப்பதற்கான, மூன்று துண்டாகப் பிரித்துத் திருகிச் சேர்க்கும் ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) செய்த தண்டு, அதன் நுனியில் மாட்டும் வெண்கலக் கம்பித் தூரிகை, கம்பளி முனை, சதுரமான சின்ன எண்ணெய்க் குப்பி. இன்னொரு தட்டில் தோட்டா நிரப்பும் சாமான்கள்: மரப்பிடி போட்ட பித்தளை அளவுக் கிண்ணம், மேசை விளிம்பில் இறுக்கிவைத்துக் கையால் சுற்றும் சிறிய எந்திரம், வளையம் வைத்த மடக்குக் கொக்கி ஒன்று.

நான் எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டில் நாற்பது வருடமாக வேலை பார்க்கும் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "வெந்நி ஊத்திக் கழுவாம எண்ணெய் போட்டா, துருவ உள்ள வெச்சுப் பூட்டுன மாதிரி தம்பி" என்றார்.

அந்த ஒரு வரியில் இருந்த வேதியியலைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. புரிந்த பிறகு, அந்தப் பெட்டியில் இருந்த பொருள்களில் பல ஏதோ ஒரு வகையில் ஈரத்தோடு மல்லுக்கட்டச் செய்யப்பட்டவை என்று தெரிந்தது.

முதலில் குழலின் அளவைப் பற்றி. '12 போர்' என்று சொல்கிறோமே, அந்த 12 எங்கிருந்து வந்தது? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். ஒரு பவுண்டு 453.6 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம். அந்த எடையுள்ள ஈய உருண்டையின் விட்டம் கணக்குப் போட்டால் 18.5 மில்லிமீட்டர் வரும். பதினாறு உருண்டையாகப் பிரித்தால் உருண்டை சிறுக்கும். அதனால்தான் எண் கூடக்கூடக் குழல் ஒடுங்குகிறது.

அளவுக் கிண்ணம் நம் வீட்டு உழக்கு, ஆழாக்கின் உறவுக்காரன். எடை பார்க்காது, கொள்ளளவு பார்க்கும். நம் ஆட்கள் நெல்லைத் தலைதட்டி அளப்பது போலவே இதையும் தலைதட்டி அளப்பார்கள். ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி போன்ற நிறுவனங்கள் செய்த கிண்ணங்களில் ஒரு பக்கம் வெடிமருந்துக்கு 'டிராம்' கோடுகளும் மறுபக்கம் ஈய ரவைக்கு அவுன்சுக் கோடுகளும் இருக்கும். ஒரு டிராம் என்பது அவுன்சில் பதினாறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 1.77 கிராம். ஆனால் இந்தக் கோடுகள் கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய கரிமருந்துக்காகப் போடப்பட்டவை. புகையில்லா மருந்து வந்தபோது சில வகைகளை மட்டும் அதே கொள்ளளவுக்கு ஏற்றபடி தயாரித்தார்கள். அடர்த்தியான மற்ற வகைகளை இதே கிண்ணத்தில் அளந்தவர்கள் சிலரின் துப்பாக்கிக் குழல்கள் வெடித்துப் பிளந்தன. உழக்கு ஒன்றுதான், உள்ளே இருப்பது மாறிவிட்டது. இந்தக் கிண்ணம் இன்றைக்குக் காட்சிப் பொருள் மட்டுமே.

அப்புறம் அந்தக் கையெந்திரம். அன்றைய தோட்டாவின் உடம்பு காகிதம். மெழுகேற்றிச் சுருட்டிய காகிதக் குழாய்க்குக் கீழே பித்தளை அடி. மருந்து, தக்கை, ரவை எல்லாம் உள்ளே போன பிறகு மேலே ஒரு வட்ட அட்டை வைத்து மூடுவார்கள். அந்த அட்டை விழாமல் இருக்கக் காகித விளிம்பை உள்நோக்கி மடிக்க வேண்டும். மளிகைக் கடையில் பொட்டலம் மடிப்பவர் விரலால் விளிம்பைச் செருகுவாரே, அதே வேலைதான். எந்திரத்தின் சுழலும் வாய்க்குள் காகித விளிம்பை அழுத்திக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினால் உராய்வில் சூடு பிறக்கும். மெழுகு இளகும், காகிதம் வளையும். சூடு ஆறியதும் மெழுகு இறுகி, மடிப்பு அப்படியே நிற்கும். நெருப்பே இல்லாமல், வேண்டிய இடத்தில் மட்டும், வேண்டிய அளவுக்குச் சூடு. இதைச் செய்து காட்டும்போது ஒரு வெற்றுக் காகிதக் குழாயின் விளிம்பு சில விநாடிகளில் பளபளவென்று உருண்டு மடிந்ததைப் பார்த்தேன். அவ்வளவு அழகான வேலை.

ஆனால் காகிதம் காகிதம்தானே. அது ஈரத்தை உறிஞ்சினால் உப்பும். மழை மாதத்தில் நம் வீட்டு மரக்கதவு நிலையில் இறுகிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். மரத்திலும் காகிதத்திலும் உள்ள செல்லுலோஸ் நார்கள் நீரை ஏற்றுப் பக்கவாட்டில் பருக்கின்றன. உப்பிய தோட்டா துப்பாக்கி அறைக்குள் நுழையாது. நுழைந்து சுட்டாலோ வெளியே வராது. அந்த மடக்குக் கொக்கி இப்படிச் சிக்கிய வெற்றுத் தோட்டாவின் அடி விளிம்பைப் பிடித்து இழுப்பதற்கு. 1960-இல் பிளாஸ்டிக் தோட்டா கடைக்கு வந்த பிறகு கொக்கிக்கும் வேலை குறைந்தது, கையெந்திரத்துக்கும் வேலை குறைந்தது.

இப்போது பெரியவர் சொன்ன வெந்நீருக்கு வருகிறேன்.

பழைய கரிமருந்து எரிந்தால் முழுவதும் புகையாகிப் போவதில்லை. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகத் தங்கிவிடும். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற உப்புகள். இவை குழலின் உட்சுவரில் கருப்பாகப் படியும். கண்ணால் பார்த்தாலே தெரியும் என்பதால் யாரும் கழுவாமல் விடமாட்டார்கள்.

புகையில்லா மருந்து வந்ததும் ஒரு புதிர் எழுந்தது. குழல் சுத்தமாகத் தெரிந்தது. எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே துரு. மருந்தில்தான் ஏதோ அமிலம் மிஞ்சுகிறது என்று பலர் நம்பினார்கள். 1922-இல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் வெளியிட்ட ஆய்வு குற்றவாளியை வேறு இடத்தில் காட்டியது. தோட்டாவின் அடியில் இருக்கும், அடி பட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடிக்கும்போது தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறும். சமையல் உப்பின் உடன்பிறப்பு. கண்ணுக்கே தெரியாத அளவு உப்பு, குழல் முழுக்கத் தூவப்பட்டிருக்கும்.

கல் உப்பு ஜாடி ஐப்பசியில் நீர்விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அறை வெப்பநிலையில் பொட்டாசியம் கார்பனேட்டுக்கு அந்த எல்லை சுமார் 43 சதவீதம். தூய சமையல் உப்புக்கு 75. பொட்டாசியம் குளோரைடுக்கு 85-ஐ ஒட்டி.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மலையேறிப் பாருங்கள். சேலம் நகரம் கடல் மட்டத்துக்குமேல் 300 மீட்டருக்குள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் வெப்பம் ஏறக்குறைய 8 டிகிரி குறைந்துவிடுகிறது. சேலத்தில் 30 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று மேலே வந்து 22 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒரு சொட்டு நீர்கூடப் புதிதாகச் சேராமலே ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது, அவ்வளவுதான். இரவில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் பொட்டாசியம் குளோரைடின் எல்லையும் தாண்டியாகிவிட்டது. மூடுபனி வந்து ஜன்னலைத் தட்ட வேண்டும் என்பதுகூட இல்லை.

ஆக, கோடையில் சேலத்து வீட்டில் கழுவாமல் வைத்த குழல் வாரக்கணக்கில் தப்பித்துவிடலாம். அதே குழல் ஏற்காட்டில் ஓர் இரவுகூடத் தாங்காமல் போகலாம். உப்பு கரைந்த நீர்ப்படலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தலே ஒரு மின்வேதி வினை என்பதால் அதன் வேகம் கூடும். குளோரைடு இன்னொரு கெடுதலும் செய்யும். இரும்பின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தை அங்கங்கே துளைத்து, ஊசிமுனைக் குழிகளைத் தோண்டும். அந்தக் குழிகளுக்குள் மறுபடியும் உப்பு பதுங்கும்.

இதன்மேல் எண்ணெய் பூசினால் என்ன ஆகும்? ஒரு கிண்ணம் நல்லெண்ணெயில் உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். உப்பு அப்படியே அடியில் உட்காரும், கரையாது. குழலிலும் அதேதான். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உப்பு உயிரோடு இருக்கும். ஈரம் மெல்ல மெல்ல எண்ணெயைக் கடந்து வந்து சேரும். "துருவ உள்ள வெச்சுப் பூட்டுன மாதிரி" என்பது இதைத்தான். தண்ணீர் மட்டுமே இந்த உப்பை வெளியேற்றும். வெந்நீராக இருந்தால் இரண்டு லாபம். நூறு மில்லி குளிர்ந்த நீர் 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைக்கும் என்றால், கொதிநீர் 56 கிராம் வரை கரைக்கும். குழலில் இருப்பது துளி உப்பு என்பதால் இது பெரிய விஷயமில்லை. இரண்டாவது லாபம்தான் முக்கியம். கனமான இரும்புக் குழல் வெந்நீரில் சூடேறிவிடும். நீரைச் சாய்த்ததும் அந்தச் சூடே உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை ஆவியாக்கிவிடும். காய்ந்த குழலில் அதன்பிறகு எண்ணெய். அந்தக் காலத்தில் இதற்குப் பேர்போனது பர்மாவின் கச்சா எண்ணெய்க் கிணறுகளால் பெயர்பெற்ற 'ரங்கூன் எண்ணெய்'. தாவர எண்ணெய் நாள்பட்டால் காற்றில் பிசுபிசுத்துக் கெட்டியாகும். கனிம எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

தண்டு ஏன் மரத்தில், தூரிகை ஏன் வெண்கலத்தில் என்பதும் இப்போது எளிது. குழலின் இரும்பைவிட மென்மையானதாக இருந்தால்தான் படிவைச் சுரண்டும்போது குழலைக் கீறாது. கீறினால் உப்பு பதுங்க இன்னொரு இடம் கிடைத்துவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. அந்தக் காலக் குழல்களின் கருநீல நிறமும் துருவிலிருந்து வந்ததே. வேண்டுமென்றே மெல்லிய செந்துருவை வரவழைத்து, பிறகு குழலைக் கொதிக்கும் நீரில் போடுவார்கள். செந்துரு, மேக்னடைட் என்ற கருப்பான இரும்பு ஆக்சைடாக மாறி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். தூளைத் தேய்த்து எடுத்துவிட்டு இதையே பலமுறை திரும்பச் செய்வார்கள். சேலத்துக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலையின் இரும்புத் தாதுவும் இதே மேக்னடைட்தான். மலையின் தாதுவிலும் குழலின் கருநிறத்திலும் இருப்பது ஒரே சேர்மம். கருவிகளை மதிக்கிற ஊர் இது. 19-ஆம் நூற்றாண்டில் சேலம் அருணாசலம் செய்த வேட்டைக் கத்திகளை வெள்ளைக்காரர்கள் தேடி வாங்கினார்கள்.

சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'அம்யூனிஷன்' (தோட்டா வகைகள்) என்ற சொல்லுக்குள் தோட்டாவின் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் எந்திரங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. அதனால் நிரப்பும் கருவி எதையும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்தாமல் நான் வாங்குவதில்லை. பங்களாவில் பார்த்து, அளந்து, வரைந்துகொண்டு வருவதோடு சரி. என்னிடம் இருப்பவை துடைக்கும் தண்டுகளும் எண்ணெய்க் குப்பிகளும்தான். பழைய பெட்டியில் நிரப்பிய தோட்டா ஏதாவது கிடந்தால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். பழசு என்பதால் கேப்பு செத்திருக்கும் என்று எண்ணவே கூடாது. ஈய ரவைமேல் வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் அது ஈயக் கார்பனேட். விஷம். ஓக் மரப் பெட்டியிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி அதை வளர்க்கும்.

முதன்முதலில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில் எடைக்கு வாங்கிய பித்தளை எண்ணெய்க் குப்பியை நான் பாழாக்கியிருக்கிறேன். வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்தேன். புளியின் டார்டாரிக் அமிலம் கருப்பான ஆக்சைடைக் கரைத்தது. கூடவே, மெல்லியதாகப் பொறித்திருந்த செய்தவர் முத்திரையின் விளிம்பும் தேய்ந்துபோனது. அரை மணி நேரம் அப்படியே ஊறவிட்டிருந்தேன். பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் முதலில் கரைந்து, செம்பு மிஞ்சி, அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டுகள் வந்துவிட்டன. அந்த முத்திரை இனி யாருக்கும் படிக்கக் கிடைக்காது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. கருத்த பித்தளை கருத்தபடியே இருக்கட்டும். அந்தக் கருப்பு ஒரு கவசம்.

பச்சையாக, மெழுகு போலப் படரும் களிம்பு வேறு கதை. பித்தளை, தோலைத் தொடும் இடத்தில்தான் அது வரும். தோலுக்கு ஏற்றிய கொழுப்பின் அமிலங்கள் செம்போடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாறுகின்றன. உலர்ந்த பருத்தித் துணியும் மூங்கில் குச்சியும் போதும் அதை எடுக்க. ஆனால் தோல் வாருக்குள் திரும்பச் செருகினால் மறுபடியும் வரும். ஏற்காட்டுப் பெட்டிக்காரரிடம் இதைச் சொன்னேன். இப்போது தூரிகைகளும் குப்பியும் வெள்ளைத் துணியில் சுற்றி ஓர் அலமாரித் தட்டில் இருக்கின்றன. பெட்டி காலியாகப் பக்கத்தில் இருக்கிறது. நூறு வருடம் அவை கிடந்த பள்ளங்களில் ஓரங்கள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன.