பேச்சு தெளிவாகக் கேட்கிறது, ஃபேக்ஸ் மட்டும் ஏன் போவதில்லை?

அலுவலகத் தொலைபேசிகளை இணையவழிக் குரல் வலையமைப்புக்கு மாற்றியதும் வரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும்: பேச்சு துல்லியமாகக் கேட்கிறது, ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. பழி இயந்திரத்தின் மேல் விழும். அதுவோ நேற்றுவரை செம்புக் கம்பியில் ஒழுங்காக வேலை செய்ததுதான்.

குரலுக்காக அமைக்கப்பட்ட கேட்வே, அதாவது தொலைபேசி இணைப்பையும் இணைய வலையமைப்பையும் இணைக்கும் கருவி, மனிதக் காதின் பெருந்தன்மையை நம்பி இயங்குகிறது. குரலைப் பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டிப் பாக்கெட்டுகளில் அனுப்பும் அது, ஒரு பாக்கெட் தொலைந்தால் முந்தைய துண்டைக் கொண்டு இடைவெளியை ஒட்டுப்போட்டுவிடும். கேட்பவருக்கு அது தெரிவதில்லை. வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஓடும் ஃபேக்ஸ் மோடமுக்கோ அந்த ஒரு துண்டோடு 192 பிட்டுகள் போய்விடுகின்றன. குரலை 8 கிலோபிட்டாகச் சுருக்கும் ஜி.729 கோடெக் (குரலைத் தரவாக்கும் முறை) இன்னும் மோசம்; மோடம் நம்பியிருக்கும் அலைவடிவத்தையே அது மாற்றிவிடுகிறது. அதனால்தான் ஃபேக்ஸுக்கு 64 கிலோபிட் ஜி.711 கோடெக் அல்லது இணையவழி ஃபேக்ஸுக்கான டி.38 நெறிமுறை வேண்டும் என்கிறார்கள். டி.38 முறையில் கேட்வேயே மோடம் ஓசையைப் பிரித்துத் தரவாக்கி, முந்தைய பாக்கெட்டுகளின் நகலையும் கூடவே சேர்த்து அனுப்புகிறது.

கோளாறைத் தேடுபவர் முதலில் அழைப்பைக் காதால் கேட்பது நல்லது. அனுப்பும் இயந்திரம் 1,100 ஹெர்ட்ஸ் ஓசையை அரை வினாடி எழுப்பி மூன்று வினாடி இடைவெளி விடும்; பெறும் இயந்திரம் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாகப் பதிலளிக்கும்; பிறகு 300 பிட் வேகத்தில் இருவரும் தம் திறன்களைச் சொல்லிக்கொள்வார்கள்; அதன்பின், அந்த வேகத்தைப் பாதை தாங்குமா என்று சோதிக்கும் ஒன்றரை வினாடிப் பயிற்சி ஓசை வரும். பதிலோசை கேட்ட சில வினாடிகளில் அழைப்பு அறுந்தால், டி.38-க்கு மாறும் கோரிக்கையை மறுமுனை 488 என்ற ‘ஏற்க இயலாது’ குறியீட்டோடு நிராகரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்சி திரும்பத் திரும்பத் தோற்று வேகம் 14,400-இலிருந்து படிப்படியாக இறங்கினால், கோடெக், எதிரொலி நீக்கி ஆகியவற்றின் மேல் சந்தேகம் கொள்ளலாம்.

நடுப்பக்கத்தில் அறுவதுதான் அதிகம் அலைக்கழிப்பது. அங்கே நான் முதலில் பார்ப்பது பாக்கெட் இழப்பை அல்ல, தொலைபேசி நிறுவனத்திலிருந்து கேட்வேக்கு வரும் டிஜிட்டல் இணைப்பான இ1-இன் ‘ஸ்லிப்’ எண்ணிக்கையை, அதாவது இரு முனைக் கடிகாரங்களும் ஒத்துப்போகாமல் தரவு இடறிய தடவைகளை. தொலைபேசி நிறுவனத்தின் கடிகாரமும் கேட்வேயின் கடிகாரமும் பத்து லட்சத்துக்கு 50 பங்கு விலகியிருந்தாலே போதும். ஒவ்வொரு அழைப்புக்கும் வினாடிக்கு 8,000 ஒலி மாதிரிகள் ஓடும் அந்த இணைப்பில் இரண்டரை வினாடிக்கு ஒரு மாதிரி தொலையும் அல்லது இரட்டிக்கும். ஒரு பக்கம் அனுப்ப ஒரு நிமிடம் ஆனால் 24 முறை மோடம் இடறுகிறது. பேசுபவருக்கு அது எப்போதாவது கேட்கும் மெல்லிய ‘டிக்’ மட்டுமே. கேட்வே மோடம் ஓசையைப் பிரிக்குமுன்பே, இணைப்பு முனையிலேயே சிதைவு நிகழ்ந்துவிடுவதால் டி.38 இதைக் காப்பாற்றாது. கேட்வே தன் கடிகாரத்தை விட்டு, நிறுவனத்தின் இணைப்பிலிருந்தே நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பை மாற்றினால் எண்ணிக்கை ஏறுவது நிற்கும்.

பலர் சொல்லும் குறுக்குவழி, ஃபேக்ஸ் இயந்திரத்தின் பிழைதிருத்த முறையை அணைத்துவிடுவது. அந்த முறை இயங்கும்போது, பக்கம் பெரும்பாலும் 256 பைட் சட்டங்களாகச் செல்லும். சேதமான சட்டங்களை மட்டும் பெறும் இயந்திரம் மறுபடி கேட்கும். பலமுறை கேட்டும் சரியாகாவிட்டால் அழைப்பு துண்டிக்கப்படும். அணைத்துவிட்டால் பக்கம் போய்ச் சேரும், ஆனால் நடுவே வரிகள் விடுபட்டு, கிடைமட்டக் கோடுகளோடு. ஒரு விலைப்பட்டியலில் அந்தக் கோடு தொகையின் மேலேயே விழலாம். எனவே இதைச் சோதனைக்குப் பயன்படுத்தலாமே தவிர, தீர்வாக விட்டுவைப்பதை நான் விரும்புவதில்லை. அணைத்ததும் பக்கம் கோடுகளோடு வந்து சேர்ந்தால், இயந்திரங்கள் திறன்களைச் சொல்லிக்கொள்ளும் உடன்பாட்டுக் கட்டம் சரி, பாதையில்தான் ஏதோ தொலைகிறது என்று தெரிந்துவிடுகிறது.

சரிசெய்தபின் ஒற்றைப் பக்கம் அனுப்பித் திருப்திப்பட்டுவிடக் கூடாது. பத்துப் பக்க ஆவணம் ஒன்றை அனுப்பி, அது ஓடும்போதே ஸ்லிப் எண்ணிக்கையை இரண்டு முறை குறித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.