கரையில் கசிகிறதா? முதலில் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்

நவம்பர் மாதத்து இரவு, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். சிவகங்கைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து போன். “சார், கண்மாய் மறுகால் போகுது. நடுமடைக்குப் பக்கத்துல, கரைக்கு வெளிய தண்ணி கொப்பளிக்குது. மூட்டை போட்டு அடைச்சுக்கிட்டு இருக்கோம், வெரசா வாங்க.” கண்மாய் நிறைந்து உபரித் தண்ணீர் வெளியே போவதுதான் மறுகால்; மடை என்பது பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு. கசிவைவிட அந்த மூட்டைதான் என்னைப் பதறவைத்தது. அடைக்காதீர்கள், நான் வரும்வரை சும்மா இருங்கள் என்றேன். இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எதிர்முனையில் நினைத்திருப்பார்கள்.

போய்ப் பார்த்தால், கரையின் வெளிச்சரிவு தரையைத் தொடுகிற இடத்தில் முப்பது பேர் நிற்கிறார்கள். வைக்கோல், சாக்கு, தென்னை மட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் அந்தப் பொத்தலுக்குள் திணித்திருந்தார்கள். அங்கே அடைத்ததும் நான்கடி தள்ளிப் புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது. ஒரு எவர்சில்வர் சொம்பில் அந்தத் தண்ணீரைப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பால் குறைந்த டீ போல இருந்தது. கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு மெதுவாகச் சாய்த்தால், சொம்பின் அடியில் சேறு.

இருபத்தெட்டு வருடம் கண்மாய் கண்மாயாக அலைந்த வேலையில், பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இந்தச் சொம்பைத்தான் சொல்வேன். மண் கரை என்றால் கசியும். கசியாத மண் கரையை நான் பார்த்ததில்லை. வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால், அளவு கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கலாம். கலங்கலாக வந்தால் தண்ணீர் தனியாக வரவில்லை, கரையின் வயிற்றிலிருந்து மண்ணையும் எடுத்துக்கொண்டு வருகிறது. வெளிப்பக்கம் எலி வளை அளவில் ஆரம்பிக்கும் துவாரம், மண் போகப் போக உள்பக்கம் நோக்கிக் குடைந்துகொண்டே போகும். அது கண்மாய்த் தண்ணீரைத் தொட்டுவிட்டால் அப்புறம் மணிக்கணக்கு இல்லை, நிமிடக் கணக்குதான்.

அடைக்கக் கூடாது என்பது ஏன்? உள்ளே தள்ளும் அழுத்தம் எங்கேயும் போகவில்லை. வாயை மூடினால் பக்கத்தில் வேறு வாய் திறக்கும். தண்ணீரை வரவிட வேண்டும், மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். அன்று அப்படித்தான் செய்தோம். திணித்ததையெல்லாம் எடுக்கச் சொன்னேன். கொப்பளிக்கும் இடத்தைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக, இடுப்பு உயரத்துக்குக் கிணறு மாதிரி அடுக்கினோம். உள்ளே தண்ணீர் ஏற ஏற வேகம் தணிந்தது. பக்கத்தில் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார், பாவம். அவருடைய எம்-சாண்டும் ஜல்லியும் டிராக்டரில் வந்து இறங்கின. முதலில் மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி. விடிகாலை மூன்று மணி சுமாருக்குத் தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் சொம்பில் பிடித்தால் அடி தெரிந்தது.

அதற்குள் இன்னொரு பஞ்சாயத்து. உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கின் மேல் இரண்டு வரிசை மூட்டை அடுக்கியிருந்தார்கள். அது எங்கள் பக்கம் வழக்கம்தான். பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடிகிற நேரத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணையும் தழையையும் வைத்து அடைத்து, ஒரு அடி தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குவார்கள். கடைசி மழைக்குச் செய்ய வேண்டியதை இப்போது முதல் மழைக்கே செய்கிறோம். மூட்டையை எடுங்கள், மேலமடையையும் திறங்கள், மட்டம் இறங்கட்டும் என்றேன். கடைமடைக்காரர் ஒருவர் அழாத குறையாகச் சொன்னார்: “மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் சார் பெருகியிருக்கு. ஓட விடச் சொல்றீகளே.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கண்மாய் பெருகினால் பத்து மில்லியன் கன அடி கொள்ளும். லிட்டரில் சொன்னால் 28 கோடி. இரண்டாயிரம் பேர் உள்ள ஊருக்கு ஆளுக்கு 55 லிட்டர் வீதம் ஒரு வருடத்துக்கு வேண்டியது நான்கு கோடி லிட்டர்தான். மிச்சம் நெல்லுக்குப் போகிறது, வெயிலில் போகிறது, பூமிக்குள் போகிறது. பூமிக்குள் போவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் ஆழ்துளைக் கிணறு கரைக்கு வெளியே முன்னூறு அடியில் இருக்கிறது. கண்மாய் காய்ந்த வருடங்களில் அதில் காற்றுதான் வந்தது. ஊருணியும் இதே தண்ணீரில்தான் நிரம்ப வேண்டும். ஒரு அடி தண்ணீரை விடுவது என்றால் அவர்களுக்குச் சித்திரை மாதத்தில் ஒரு குடம் குறைகிறது. கரை போனால் சித்திரையே இல்லை என்று பேசிப் பேசித்தான் மூட்டையை எடுக்க வைத்தோம்.

தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் எடுத்துக்கொள்கிறது. நம் கண்மாய்க் கரையின் உயரம் பன்னிரண்டு அடி, பதினைந்து அடி. சட்டத்தின் கண்ணில் அது அணையே இல்லை. கரைக்குக் கீழே குடியிருப்பவருக்கு அதுதான் அணை.

சின்னதுதானே என்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் திவரே ஊரைச் சொல்வேன். ரத்னகிரி மாவட்டத்தில் 2019 ஜூலை 2 இரவு அங்கிருந்த சிறிய மண் அணை உடைந்தது. சுமார் இருபது பேர் இறந்தார்கள். கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நண்டு குடைந்ததால் உடைந்தது என்று அமைச்சர் ஒருவர் சொல்ல, நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நண்டு வளையால் கரை பலவீனப்படும் என்பது உண்மை. நண்டு வளை வெளியே தெரியும், நடந்து பார்க்கிறவர் கண்ணில் படும் என்பதும் உண்மை. நடந்து பார்த்தது யார் என்பதுதான் கேள்வி.

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்துக் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அது மழைக்காலமே இல்லை. வானம் வெளுத்திருக்கும்போதும் கரை போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கரைக்கு மேல் தண்ணீர் ஏறி உடைவது வேறு கதை. 1979இல் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை அப்படித்தான் போனது. நடுவே இருந்த கட்டுமானம் நின்றுகொண்டது, இரண்டு பக்கத்து மண் கரையும் கரைந்து போயின. மண் கரைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் ஓடினாலும் தாங்காது. ஆகவே கரை முழுக்க ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். டிராக்டரும் மாடும் ஏறி இறங்கித் தேய்ந்த பள்ளம் ஒன்று இருந்தால், கண்மாய் அங்கேதான் வழியும்.

தூர்வாருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரும். பொக்லைனைக் கொண்டுவந்து கரையின் உள்ளடியிலேயே தோண்டுகிறார்கள், தூரம் மிச்சம் என்பதால். கரையை ஒட்டி ஆண்டாண்டாகப் படிந்த வண்டல்தான் தண்ணீர் அடியில் புகாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அதை அள்ளிவிட்டு, அந்த மண்ணையே கரைமேல் கொட்டிக் கரையைப் பலப்படுத்திவிட்டோம் என்று போட்டோ எடுக்கிறார்கள். கொட்டிய மண் பலம் ஆகாது. அரையடி அரையடியாகப் பரப்பி, ஈரப்படுத்தி, உருளை ஓட்டினால்தான் அது கரை. அள்ளுவதானால் கரையை விட்டு விலகி, தண்ணீர் தேங்கும் உள்வாயின் நடுவில் அள்ளுங்கள். அந்தச் செலவில் பாதியைக் கலுங்குக்கும் மடைக்கும் வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அதில் போட்டோ நன்றாக வராது.

முன்பெல்லாம் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். மடை திறப்பதும் மூடுவதும் மட்டும் அவர் வேலையில்லை. கண்மாய் நிறைந்தால் லாந்தர் விளக்கோடு கரையில் நடப்பார். சம்பளம் களத்தில் நெல்லாக வரும். நெல் போய் அவரும் போனார். அந்த ஊரில் அப்படிக் கடைசியாக இருந்தவர் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். அன்றிரவு கொப்பளித்ததை முதலில் பார்த்ததும் அவர்தான்.

மே மாதம் கண்மாய் வற்றியதும் நடுமடையின் பக்கவாட்டைத் தோண்டினோம். கல்கட்டும் மண்ணும் சேரும் இடம் எப்போதும் பலவீனமானது, அங்கே மண்ணை இறுக்குவது கடினம். அதனால் காரை விட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஐந்தடி ஆழத்தில் சுவரை ஒட்டி ஒரு துவாரம். கையை விட்டால் தோள்பட்டை வரை போயிற்று. உள்ளேயிருந்து கறுப்பாக, தொட்டால் உதிர்கிற மாதிரி ஒரு வேர் வந்தது. சீமைக்கருவேலம். மேலே பார்த்தால் வெட்டிய அடிக்கட்டை அப்படியே இருந்தது. வேரைத் தோண்டி எடுத்துவிட்டுக் குழியை இறுக்கி மூடாமல், மரத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். வேர் மக்கி, அதன் இடத்தில் குழாய் போட்டதுபோல வழி.

பெரியவர் அந்த வேரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அஞ்சாறு வருஷம் இருக்கும் சார். நாங்கதான் ஊர் கூடி வெட்டுனோம், கரைக்கு நல்லதுன்னு.”