பழைய கணினி எங்கே திணறுகிறது?

அல்சூரில் என் பெரியப்பா வீட்டில் இருப்பது 2008-இல் வாங்கிய டெஸ்க்டாப். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்துவிட்டார். சுரங்க நாட்களை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். போன மாதம் கூப்பிட்டார்: “டேய், ‘சுரங்கம்’னு அடிச்சா ‘சு’ மட்டும் வந்து நிக்குது, மிச்சம் அரை நிமிஷம் கழிச்சு வருது. பொட்டியையே மாத்தணுமா?”

போய்ப் பார்த்தேன். பெட்டி முகப்பிலிருந்த சின்னச் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. உள்ளே ஹார்ட் டிஸ்க் கர் கர்ரென்று அரைத்துக்கொண்டிருந்தது. கோளாறு எங்கே என்று இந்த இரண்டே சொல்லிவிடும்.

எழுத்தைத் தாங்குவது கணினிக்கு ஒரு சுமையே அல்ல. பக்கத்துக்கு 1,500 குறியீடு, குறியீட்டுக்கு 3 பைட் என்று கணக்குப் போட்டால், 300 பக்கத் தமிழ்ப் புத்தகம் ஒன்றரை எம்பிக்குள் அடங்கிவிடும். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரிது. 1974-இல் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் உருவாக்கிய ‘பிராவோ’ என்ற எழுதும் மென்பொருள் ஓடிய ஆல்டோ கணினிக்கு நினைவகம் 128 கேபியில்தான் தொடங்கியது. பெரியப்பா கணினியின் நினைவகம், அதாவது ரேம், 1 ஜிபி; அதைப்போல 8,192 மடங்கு.

பிராவோவின் சூட்சுமம் அழகானது. நடுவில் ஒரு சொல்லைச் செருகினால், பின்னாலுள்ள பக்கங்களை அது தள்ளி வைக்காது. பழைய வரிகள் இருந்த இடத்திலேயே இருக்கும், புதுச் சொல் தனியே போய் உட்காரும். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று ஒரு பட்டியல் மட்டும் மாறும். அபிவேர்ட் என்ற எளிய எழுதும் மென்பொருள் இன்றும் இப்படித்தான் இயங்குகிறது.

அப்படியானால் திணறல் எங்கே? ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பிரவுசர், வைரஸ் தடுப்பு, எழுதும் மென்பொருள் எல்லாம் சேர்ந்து 1 ஜிபியைத் தாண்டியதும், இயங்குதளம் சிலவற்றைத் தூக்கி ஹார்ட் டிஸ்கில் போடுகிறது. தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. ரேமிலிருந்து எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்கில் முள் நகர்ந்து, தட்டு சுழன்று, சரியான இடம் வர 10 மில்லி நொடிக்கு மேலாகும். லட்சம் மடங்கு! மேசையிலிருக்கும் நோட்டை எடுக்க ஒரு நொடி என்றால், இது ஏறக்குறைய 28 மணி நேரம் போய்வந்து எடுப்பது. அந்த அலைச்சலைத்தான் சிவப்பு விளக்கு காட்டுகிறது.

தமிழுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘கொ’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ‘க’, அதன்பின் ஒகரக் குறி என இரண்டே குறியீடுகள். திரையிலோ கொம்பு முன்னால், ‘க’ நடுவில், கால் பின்னால் வரவேண்டும். பிரித்து இடம் மாற்றும் இந்த வேலையை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்து வடிவங்களை அடுக்கிக் கொடுக்கும் நிரலிடம் ஒப்படைத்திருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் அபிவேர்டும் பாங்கோ என்ற இன்னொரு நிரல் வழியாக அதையே நம்புகிறது. ஆகவே புது மென்பொருள் எதையும் நான் முதலில் ‘கொ’, ‘க்ஷ’ அடித்துத்தான் சோதிப்பேன். கொம்பு இடம் தவறினால் எவ்வளவு வேகமானாலும் வேண்டாம்.

பெரியப்பாவுக்கு எஸ்பி ரோட்டில் பழைய ரேம் துண்டு ஒன்று வாங்கி 2 ஜிபி ஆக்கினேன். கணினியில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டதால் அதை எடுத்துவிட்டு, எளிய லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். அச்சகத்துக்கு வேர்ட் கோப்பாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் லிப்ரே ஆபீஸ்தான் சரியென்று பட்டது. அதில் ஜாவா என்ற துணை நிரலை நிறுத்தி வைத்தால் சீக்கிரம் திறக்கும். ரேம் 1 ஜிபியிலேயே இருந்திருந்தால் அபிவேர்டைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு தொல்லை மிச்சமிருந்தது. பழைய அத்தியாயங்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத இடத்தில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். பெரியப்பா பதறிப்போனார். எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றில் போட்டு, தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடாக்கியதும் முதல் பத்தியை வாய்விட்டுப் படித்தார்.

டிஸ்க் மட்டும் இன்னும் அந்த 2008 டிஸ்க்தான். தினமும் எழுதி முடித்ததும் பென்டிரைவில் ஒரு நகல் போட்டுவைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.